நாயின் நகம் பிய்ந்துவிட்டால்: இலங்கை மலையகத்து வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

போன ஆடி மாத மழையில் எங்கள் நாய் டொமி ஒரு முயலைத் துரத்திக்கொண்டு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய (கிளை நறுக்கிய) மலைக்குள் ஓடியது. திரும்பி வந்தது மூன்று காலில். இஸ்தோப்பு (முன் திண்ணை) முழுக்க இரத்தம். முன்னங்கால் நகம் ஒன்று பக்கவாட்டில் திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவிலிருந்து (அறையிலிருந்து) ஒருவர் கோப்பித் தூளோடு ஓடி வந்தார், இன்னொருவர் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தார், அம்மா மஞ்சள் டப்பாவைத் தேடிப் போனார். அன்றைக்கு நான் செய்த பிழைகளை ஊரே பார்த்தது. அதனாலோ என்னவோ, இப்போது தோட்டத்தில் யார் வீட்டு நாய்க்கு நகம் போனாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் மிருக வைத்தியர் இல்லை. வைத்தியர்களிடம் கேட்டுக்கொண்டதையும் கைப்பட்டுத் தெரிந்ததையும் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

இவ்வளவு இரத்தம் போகிறதே, நாய் தாங்குமா?

தாங்கும். நாயின் நகம் நம்முடையதைப் போலத் தட்டையான தகடு இல்லை. வெளியே கடினமான ஓடு, உள்ளே மெத்தென்ற குருத்து. அந்தக் குருத்துக்குள் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அதற்கும் உள்ளே விரலின் கடைசி எலும்பு இருக்கிறது. ஓடு பிய்ந்தால் குருத்து வெளியே தெரிந்துவிடும். சின்ன இடத்திலிருந்து இவ்வளவு இரத்தம் வருவதும், தொட்டவுடன் நாய் வீறிடுவதும் அதனால்தான். காலை உதறிக்கொண்டே நடக்கும்போது, ஈரச் சீமெந்துத் தரையில் ஒரு கரண்டி இரத்தம் ஒரு கோப்பை இரத்தம் மாதிரித் தெரியும். நல்ல சுகத்தோடு இருக்கும் நாய் ஒரு நகத்தில் போகிற இரத்தத்தால் சாவதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒழுங்காக அழுத்திப் பிடித்தும் 20 நிமிடத்துக்கு மேல் இரத்தம் நிற்காமல் வந்தால், பிரச்சினை நகத்தோடு முடியவில்லை. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோயிருக்கும். சில வகை எலி மருந்து தின்ற நாய்க்கும், கண்ணாடி விரியன் தீண்டிய நாய்க்கும் இரத்தம் உறையாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தால், அல்லது நாய் சோர்ந்து படுத்துவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் 10 நிமிடத்தில் என்ன செய்வது?

கூட்டத்தைக் கலையுங்கள். ஆளாளுக்குக் கத்தினால் நாய் இன்னும் மிரளும். ஒருவர் பிடிக்கவும் ஒருவர் பார்க்கவும் ஆக இரண்டு பேர் போதும்.

அடுத்தது வாயைக் கட்டுவது. மடியில் வளர்ந்த நாய்கூட வலியில் கடிக்கும். அதற்கு எதிரி, சிநேகிதன் என்ற கணக்கெல்லாம் அப்போது இருக்காது. ஒரு பழைய சால்வையையோ பண்டேஜ் துணியையோ நாய் மூக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு தடவை குறுக்கே போட்டு, காதுக்குப் பின்னால் இழுத்து, உருவிவிடக்கூடிய முடிச்சாகப் போடுங்கள். மூச்சு விட இடம் இருக்கவேண்டும். வாந்தி எடுக்கிற நாய்க்கும், மூச்சுத் திணறுகிற நாய்க்கும், பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்க்கும் இதைக் கட்டவே கூடாது. அவற்றின் தலையைத் தடித்த கம்பளியால் அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் சுத்தமான துணியை நகத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து 5 முதல் 10 நிமிடம். நடுவில் துணியை எடுத்து “நின்றுவிட்டதா” என்று எட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. உறையத் தொடங்கிய இரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும், பழையபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி வையுங்கள்.

கோப்பித் தூள், மஞ்சள், தேயிலைத் தூள், இவற்றில் எதை வைக்கலாம்?

எங்கள் பக்கத்தில் இரத்தம் என்றாலே கோப்பித் தூள்தான். பிள்ளைகள் விழுந்து முழங்கால் கிழிந்தாலும் அதே வைத்தியம். நாய்க்கு அது இரண்டு விதத்தில் ஆகாது. தூள் குருத்துக்குள் ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு. நாய் சும்மா இருக்காமல் நக்கும். கோப்பியிலும் தேயிலையிலும் இருக்கும் கஃபீன் நாய்க்கு நஞ்சு. தேயிலையின் துவர்ப்பு இரத்தத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனாலும் கையில் கோதுமை மா இருக்கும்போது தேயிலைத் தூளுக்கு என்ன அவசரம்?

நுனி மட்டும் ஒடிந்து, அந்த நுனியிலிருந்து இரத்தம் வந்தால், ஒரு சிட்டிகை கோதுமை மாவோ சோள மாவோ எடுத்து நுனியில் அப்பி அழுத்துங்கள். காலையில் ரொட்டிக்கு எடுக்கிற அதே மாதான். சலூனில் சவரம் செய்தபின் தடவுகிற படிகாரமும் நுனிக்கு வேலை செய்யும், எரிவுதான் கொஞ்சம் கூட. ஆனால் நகம் வேரோடு பிய்ந்து சிவந்த சதை தெரிந்தால் மாவும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். திறந்த புண்ணில் துணி அழுத்தம் மட்டும் போதும்.

மஞ்சள் பற்றிக் கேட்டால் அம்மாவோடு நான் சண்டை பிடிப்பதில்லை. அரைத்த மஞ்சளோடு வரும் தூசுதான் கவலை. மண்ணெண்ணெய், என்ஜின் ஓயில், வெற்றிலைச் சுண்ணாம்பு மூன்றும் சதையைக் கெடுப்பவை. அவற்றை நாய்க்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

இரத்தம் வருகிறது, ஆனால் நகம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. என்ன அது?

மழைக்காலம் என்றால் முதலில் அட்டையைச் சந்தேகப்படுங்கள். விரல் இடுக்கில் ஏறிக் குடித்துவிட்டு, நாய் வீட்டுக்கு வருவதற்குள் விழுந்துவிடும். அட்டையின் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால், அது போன பிறகும் நெடுநேரம் கசியும். விரல்களை விரித்து, கீழ்ச்சதையையும் இடுக்குகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். அட்டைக் கடி சின்னப் புள்ளியாக இருக்கும், தொட்டாலும் நாய் பெரிதாகக் கத்தாது. பிய்ந்த நகத்தைத் தொட்டால் அது கத்துகிற கத்தல் லயத்துக் கடைசி வரைக்கும் கேட்கும்.

அட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் விரல் நகத்தால் அதன் வாய்ப் பக்கம் சுரண்டித் தள்ளிவிடுங்கள். உப்பைக் காயத்தில் கொட்ட வேண்டியதில்லை.

நகம் பாதி ஒட்டித் தொங்குகிறது. நானே வெட்டிவிடலாமா?

இதற்குத்தான் நேராகப் பதில் சொல்ல முடியாது. அந்தத் துண்டு போகத்தான் வேண்டும். அது ஒட்டிக்கொண்டிருக்கும் வரை புல்லிலும் கம்பளியிலும் மாட்டி, ஒவ்வொரு தடவையும் குருத்தை இழுக்கும். அடியில் சேறு சேரும். “தானாக விழுந்துவிடும்” என்று விட்டு, ஒரு வாரம் கழித்து வீங்கிய காலோடு தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் யார் எடுப்பது என்பதுதான் கேள்வி. ஒரு நூல் அளவு மட்டும் ஒட்டியிருக்கிறது, நாய் அமைதியானது, பிடிக்க ஆள் இருக்கிறது, நாய்க்கான கூர்மையான நகவெட்டி கையில் இருக்கிறது என்றால், ஒடிந்த இடத்துக்கு மேலே ஒரே வெட்டில் எடுத்துவிடலாம். இரண்டாவது தடவைக்கு நாய் கால் தராது. கத்தரிக்கோலும் நாம் பாவிக்கும் நகவெட்டியும் பெரிய நாயின் உருண்டை நகத்தை வெட்டாது, நசுக்கும். கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்த ஒருவரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நகம் அடியோடு ஆடுகிறதா, நெடுக்காகப் பிளந்திருக்கிறதா, பாதிக்கு மேல் ஒட்டியிருக்கிறதா? அப்படியென்றால் கை வைக்கவேண்டாம். உள்ளே எலும்பும் உடைந்திருக்கலாம். மரக்கச் செய்யாமல் பிடுங்குவது நாய்க்குச் சித்திரவதை, பிடிக்கிறவருக்கும் ஆபத்து. ஒரு துணியைத் தளர்வாகச் சுற்றி, தொங்குகிற துண்டு ஆடாமல் பார்த்துக்கொண்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நுனி மட்டும் ஒடிந்து இரத்தமே வரவில்லை என்றால் அது வைத்தியம் தேவைப்படுகிற விஷயமில்லை. கூரான ஓரத்தை அரத்தால் மெதுவாகத் தேய்த்துவிட்டால் சரி.

எந்த வைத்தியரிடம் போவது? தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டலாமா?

டிஸ்பென்சரி மனிதர்களுக்கு. கட்டுத் துணியும் பஞ்சும் கொடுத்து உதவுவார்கள், அதோடு சரி. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் நாயையும் காட்டலாம். ஆனால் அங்குள்ள வைத்திய அதிகாரி மாடு பார்க்க வெளியே போயிருக்கலாம் என்பதால், காலையிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கண்டிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கவேண்டிய கால்களுக்கு அதுமாதிரி இடம்தான் நல்லது. தனியார் மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் டவுனில்தான் இருக்கிறார்கள்.

நாயை பஸ்ஸில் ஏற்றுவது கஷ்டம், ஆட்டோதான் வழி. ஆட்டோக்காரரிடம் முதலிலேயே நாய் என்று சொல்லிவிடுங்கள். சீட்டில் ஒரு படங்கை (தார்ப்பாயை) விரித்து, நாயைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் அவருக்கும் நிம்மதி.

அன்றே போகவேண்டியது எப்போது என்றால், இரத்தம் நிற்காதபோது, நகம் தொங்கும்போது, விரல் வளைந்தோ வீங்கியோ இருக்கும்போது, நாய் காலைத் தரையில் ஊன்றவே மறுக்கும்போது. நகம் முழுதாக விழுந்து, இரத்தமும் நின்று, நாய் நொண்டிக்கொண்டாவது நடந்தால், கழுவிக் கட்டி அடுத்த நாள் காட்டினாலும் பரவாயில்லை.

அங்கே என்ன செய்வார்கள்?

மயக்க ஊசி போட்டோ அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தோ, ஆடுகிற ஓட்டை எடுத்துவிடுவார்கள். கழுவி, கட்டுப்போட்டு, நாய்க்கான வலி மருந்து தருவார்கள். எலும்பில் சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. எல்லா நகக் காயத்துக்கும் அன்டிபயோடிக் தேவையில்லை. “மருந்தே தரவில்லையே” என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். கொடுத்தால் சொன்ன நாள் வரைக்கும் முழுதாகக் கொடுங்கள்.

வலிக்கு பெனடோல் கொடுக்கலாமா?

கூடாது. பெனடோலில் இருக்கும் பரசிட்டமோல் நாயின் ஈரலைக் கெடுக்கும், இரத்தத்தையும் கெடுக்கும். இப்யூபுரோஃபனும் டைக்ளோஃபெனக்கும் வயிற்றில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். அஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும், இரத்தம் போகிற நாய்க்கு அதையா கொடுப்பது? “பாதி மாத்திரைதானே” என்பார்கள். 8 கிலோ நாய்க்குப் பாதி மாத்திரை சின்ன அளவில்லை. மெலொக்சிகம், கார்ப்ரோஃபன் போன்றவற்றை வைத்தியர்கள் நாய்க்குத் தருகிறார்கள், அதுவும் எடை பார்த்து. பாமசியில் நீங்களே கேட்டு வாங்கக்கூடாது. முன்பே ஏதாவது மாத்திரை கொடுத்துவிட்டிருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு வலி மருந்துகள் வயிற்றில் சேர்ந்தால் இன்னும் மோசம்.

எதைக்கொண்டு கழுவுவது?

உப்புத் தண்ணீர். அரை லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தட்டைத் தேக்கரண்டி உப்பு, அவ்வளவுதான். இளஞ்சூட்டில் மெதுவாக ஊற்றி, சேறும் மண்ணும் போகும்வரை கழுவுங்கள். இரத்தம் நின்ற கையோடு கழுவத் தொடங்கினால் மறுபடி வடியும், கொஞ்ச நேரம் விட்டுச் செய்யலாம். பீலியில் (மலை ஊற்றுக் குழாயில்) வரும் தண்ணீரில் காலைப் பிடித்துக் கழுவுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. சேற்றை எடுக்க அது சரி, கடைசிக் கழுவல் கொதித்தாறிய தண்ணீராக இருக்கட்டும்.

போவிடோன் அயடின் இருந்தால் தண்ணீரில் கலந்து பாவிக்கலாம். எவ்வளவு கலப்பது என்று கேட்டபோது ஒரு வைத்தியர் எனக்குச் சொன்ன கணக்கு: “சாயம் குறைந்த பிளேன்டீ நிறம்.” இந்த நாட்டில் அதைவிட விளங்குகிற அளவு வேறு கிடையாது. டெட்டோல், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட் மூன்றும் கிருமியோடு சேர்த்து ஆறுகிற சதையையும் அழிக்கும்.

கட்டு எப்படிப் போடுவது? எவ்வளவு இறுக்கம்?

என் பெரிய பிழை இதில்தான். டொமியின் காலில் கட்டைப் போட்டு, கழன்றுவிடுமே என்று மேலே ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, மழைக்கு சொப்பிங் பேக் ஒன்றையும் சுற்றிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அவிழ்த்தபோது விரல்கள் வீங்கிப் பணியாரம் மாதிரி இருந்தன, உள்ளே வேர்த்து நாறியது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் நகத்தோடு போகவேண்டிய விஷயம் விரலோடு போயிருக்கும்.

சரியான முறை இது. காயத்தின் மேல் ஒட்டாத துணித் துண்டு, விரல் இடுக்குகளில் கொஞ்சம் பஞ்சு, அதன் மேல் மெல்லிய பண்டேஜ். பாதத்தில் தொடங்கி மேலே மணிக்கட்டு வரை சுற்றவேண்டும், நகத்தில் மட்டும் சுற்றினால் பத்து எட்டில் கழன்றுவிடும். நடுவிலுள்ள இரண்டு விரல்களின் நுனி வெளியே தெரிந்தால் அவை வீங்குகிறதா, குளிர்ந்துபோகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கட்டுக்குள் உங்கள் ஒரு விரல் நுழையவேண்டும். பிளாஸ்டர் ரோமத்தில் ஒட்டினால் கழற்றும்போது இரண்டாவது அழுகை, அதனால் அதைத் துணியின் மேலேயே முடித்துவிடுங்கள். தினமும் ஒரு தடவை மாற்றுங்கள். நனைந்தால் அந்த நிமிடமே. நாய் திடீரென்று கட்டைக் கடிக்கத் தொடங்கினால் குறும்பு என்று அடிக்காதீர்கள். பெரும்பாலும் இறுக்கமாக இருக்கும் அல்லது நனைந்திருக்கும்.

இரண்டு மூன்று நாளில் குருத்து காய்ந்துவிட்டால் பகலில் வீட்டுக்குள் கட்டு இல்லாமலே விடலாம்.

எங்கள் பக்கம் வெயிலே இல்லை. காயத்தை எப்படிக் காயவைப்பது?

மலையகத்தில் நகக் காயம் கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை மழையும் மூடுபனியும். அங்கே விடும்போது பதுளை, பண்டாரவளைப் பக்கம் மார்கழி, தை மழை தொடங்கிவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் ஒரு சட்டை காய்வதற்கே மூன்று நாள். நனைந்த பாதத்தின் கதி என்ன?

அதனால் நாயை வெளியே விடுவது ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும், அதுவும் கயிற்றில், புல்லில் இறங்காமல். அந்த நேரத்துக்கு சொப்பிங் பேக்கைக் காலில் மாட்டலாம். உள்ளே வந்தவுடன் கழற்றிவிடுங்கள், ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறகு பழைய பருத்தித் துணியால் விரல் இடுக்குகளை ஒற்றி எடுங்கள். தேய்க்காமல் ஒற்றுங்கள். அடுப்படிதான் வீட்டிலேயே உலர்ந்த இடம் என்றால் அங்கே ஒரு சாக்கைப் போட்டுப் படுக்கவையுங்கள், நெருப்புக்கு மிகக் கிட்டே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். சீமெந்துத் தரையில் படுத்தால் குளிரும் ஈரமும் கீழிருந்து ஏறும். சாக்கைத் தினமும் மாற்றுங்கள்.

பவுடர் போட்டு உலர்த்தலாமா என்று கேட்கிறார்கள். குழந்தைப் பவுடர் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகிவிடும், வேண்டாம்.

நக்கிக்கொண்டே இருக்கிறது. நாய் நாக்கில் மருந்து இருக்கிறதாமே?

பழைய நம்பிக்கை. நாக்கில் இருப்பது ஈரமும் கிருமியும்தான். கழுத்துக் கூம்பு வாங்க வசதியில்லை என்றால், ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியைக் கழுத்தளவுக்கு வெட்டி, வெட்டிய ஓரத்துக்குத் துணி சுற்றி, கழுத்துப் பட்டியோடு நான்கு இடத்தில் நூலால் கட்டிவிடலாம். வாளி விளிம்பு மூக்கைக் கொஞ்சம் தாண்டி நிற்கவேண்டும். முதல் நாள் சுவரில் எல்லாம் முட்டும், பிள்ளைகள் சிரிப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளின் பழைய ஸ்கூல் சொக்ஸை மாட்டிப் பார்த்தோம், டொமி அதை இரண்டு நிமிடத்தில் தின்றுவிடப் பார்த்தது.

இரவில் வழக்கம்போல இஸ்தோப்பில் படுக்கட்டுமா?

வேண்டாம். ஈரம் ஒரு காரணம், சிறுத்தை இன்னொரு காரணம். தேயிலை மலைகளிலும் அவற்றை ஒட்டிய காடுகளிலும் சிறுத்தை இருக்கிறது, லயத்து நாய்களைத் தூக்கிப் போவதும் புதிதில்லை. மூன்று காலில் நொண்டுகிற நாய்க்கு ஓடவும் முடியாது. கட்டிப்போட்டிருந்தால் இன்னும் மோசம். காயம் ஆறும்வரை உள்ளே படுக்கட்டும்.

எத்தனை நாளில் சரியாகும்? நகம் திரும்ப வருமா?

வலி இரண்டு மூன்று நாளில் குறையும். குருத்து காய்ந்து கடினமாக இரண்டு வாரம் அளவு எடுக்கும். அடிப்பகுதி கெடாமல் இருந்தால் நகம் திரும்ப முளைக்கும், முழு நீளம் வரச் சில மாதங்கள் ஆகும். சில நேரம் கோணலாகவோ தடித்தோ வரும். டொமியின் புது நகம் கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கிறது, அதைப் பற்றி டொமிக்குக் கவலை இல்லை. வேர் நசுங்கிப் போயிருந்தால் நகம் வராமலேயும் போகலாம். அதனாலும் நாய்க்குப் பெரிய குறை ஒன்றுமில்லை.

கெட்டுப்போகிறது என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு நாளும் குறையவேண்டிய நொண்டல் கூடினால், விரல் சிவந்து சூடாக வீங்கினால், சீழோ நாற்றமோ வந்தால், நாய் சாப்பாட்டை மறுத்தால் வைத்தியரிடம் போங்கள். குருத்துக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால் கிருமி எலும்புக்குள் இறங்குவது கஷ்டமில்லை. இறங்கிவிட்டால் வாரக்கணக்கில் மருந்து, சில நேரம் விரலையே எடுக்கவேண்டி வரும்.

பதுளை மாதிரிக் கொஞ்சம் சூடான இடங்களில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். புழு கண்டால் பூச்சி உருண்டையைத் தூளாக்கிப் போடுவது ஊர் வழக்கம். அந்த உருண்டையில் இருக்கும் நெப்தலீன் நாய்க்கு நஞ்சு, பெற்றோலும் அப்படித்தான். வைத்தியர் புழுவை எடுத்து மருந்து போடுவார்.

ஏற்புவலி (டெட்டனஸ்) நாய்களுக்கு அரிது, வராது என்றில்லை. காயம் பட்டு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் உடம்பு விறைத்து, காது இரண்டும் நெருங்கி நட்டு, நெற்றி சுருங்கி, வாய் திறக்க முடியாமல் போனால் உடனே தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதான்.

எங்கள் நாய்க்கு ஒன்று மாறி ஒன்று நகம் போய்க்கொண்டே இருக்கிறது. ஏன்?

அடிபடாமலே பல கால்களில் நகங்கள் கழன்றால் அது விபத்தில்லை. நாயின் உடம்பே தன் நகப் படுக்கையைத் தாக்குகிற ஒரு நோய் இருக்கிறது. ஜெர்மன் ஷெபர்ட், நம் பேச்சில் அல்சேஷன், அந்த வகையில் அது நன்றாகத் தெரிந்த ஒன்று. மருந்தால் கட்டுப்படுத்தலாம், மாதக்கணக்கில் கொடுக்கவேண்டி வரும். வயதான நாய்க்கு ஒரே ஒரு விரல் மட்டும் வீங்கி, நகம் விழுந்து, ஆறாமல் இருந்தால் வேறு கவலை. நகப் படுக்கையில் புற்றுநோய் வருவதுண்டு. கறுப்பு ரோமமுள்ள பெரிய நாய்களில் அதிகம். “எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும்” என்று மாதக்கணக்கில் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கவேண்டாம்.

இனி நடக்காமல் பார்ப்பது எப்படி?

நீளமான நகம்தான் மாட்டும். தார் ரோட்டில் நடக்கிற நாய்க்கு நகம் தானாகத் தேயும். வீட்டில் கட்டியே இருக்கிற நாய்க்கும், மெத்தென்ற மண்ணில் மட்டும் திரிகிற நாய்க்கும் தேயாது. சீமெந்தில் நடக்கும்போது “டக் டக்” என்று சத்தம் கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது.

வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்புக் குருத்து வெளியே தெரியும், அதற்கு முன்னால் வெட்டினால் போதும். எங்கள் நாட்டு நாய்களுக்குப் பாதிக்கு மேல் கறுப்பு நகம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் ஈரமான சின்னப் புள்ளி தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். ரொம்ப நாளாக வெட்டாத நகத்தில் குருத்தும் நீண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை நுனியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் குருத்து தானாகப் பின்வாங்கும். தவறிப்போய் இரத்தம் வந்தால் கோதுமை மா இருக்கிறதே.

காலின் உள்பக்கம் மேலே ஒரு கட்டைவிரல் நகம் இருக்கும். அது தரையில் படுவதில்லை, தேய்வதும் இல்லை. வளைந்து வந்து சதைக்குள்ளேயே குத்திக்கொள்ளும். எல்லோரும் மறந்துவிடுகிற நகம் அதுதான், மாதம் ஒரு தடவை ரோமத்தை விலக்கிப் பாருங்கள்.

கவ்வாத்து முடிந்த மலைக்குள் நாயை விடாதீர்கள். வெட்டிய தேயிலைக் கட்டைகள் ஊசி மாதிரி நிற்கும், அதற்குள் ஓடுகிற கால் எங்காவது மாட்டாமல் வராது. கானை (வடிகாலை) தாண்டும்போது கல்லிடுக்கும், வேலிக்குப் பிடித்த தகரத்தின் ஓரமும் அப்படியே. சிவனொளிபாதமலைப் பருவத்தில் யாத்திரைக்காரர்களுக்குப் பின்னால் படியேறிப் போகிற நாய்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் நாயும் அந்த ரகம் என்றால் திரும்பி வந்ததும் நகங்களை ஒரு தடவை பாருங்கள்.

பிடிக்கும்போது கடித்துவிட்டது. நம் நாய்தானே, விட்டுவிடலாமா?

விடக்கூடாது. சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு அரச வைத்தியசாலைக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். நாயின் தடுப்பூசிக் காட் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், ஊசி தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். சொந்தக்காரர் இல்லாத நாய் நொண்டிக்கொண்டு வந்தால் வெறுங்கையால் காலைத் தூக்கவேண்டாம். தின்ன ஏதாவது கொடுத்து, ஒரு காம்பராவுக்குள் வரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வைத்தியருக்கு அறிவிக்கலாம்.

பூனைக்கும் இதே வழிதானா?

கழுவுவது, அழுத்துவது எல்லாம் ஒன்றுதான். பிடிப்பதுதான் வேறு. தடித்த துவாயில் முழுதாகச் சுற்றி, ஒரு காலை மட்டும் வெளியே எடுக்கவேண்டும். பெனடோல் மாத்திரை ஒன்றே ஒன்று பூனையைக் கொன்றுவிடும். தரையில் நகம் மாதிரி ஒரு ஓடு கிடந்தால் பயப்படாதீர்கள். பூனை நகத்தின் மேலோடு அவ்வப்போது தானாகவே கழன்று விழும், அடியில் புதுக் கூர் தயாராக இருக்கும்.